குழாய் சீறுவது கேட்டது

எங்கள் தாராவிச் சந்தில் விடிவதற்கு முன்பே தண்ணீர் வரும். அதற்கு முன்னால் குழாய்க்குள் காற்று சீறும். அந்தச் சீறலுக்கு முதலில் எழுகிறவள் என் மருமகள் கோகிலவாணி. "தண்ணி வருது, ஏந்திரிங்க!" என்று அவள் குரல் கொடுத்த பிறகுதான் சந்தே குடத்தைத் தூக்கும். யாரும் கொடுத்த வேலை இல்லை. குழாய் எங்கள் வாசலில் இருக்கிறது, அவளுக்குக் காது கூர்மை, அவ்வளவுதான். நானே அவளை நம்பித்தான் தூங்குவேன்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் அவள் எழவில்லை. தண்ணீர் வந்து நின்றும் போயிற்று. முதல் நாள் சாயங்காலம்தான் எதிர்வீட்டு சஃபீனாவோடு, குடம் வைக்கிற இடத்துக்காக அவளுக்குச் சண்டை.

"என்ன பெரியம்மா, ஒங்க மருமவ கோவத்துல சந்து முழுக்கக் காயப் போட்டுட்டாளே!" என்று சஃபீனா வாசலில் நின்று கத்தினாள்.

கோகிலா சண்டைக்குப் போகவில்லை. வலது காதைத் திருப்பிக் காட்டி, "என்ன சொன்னிய அக்கா?" என்றாள். இடது காது ஒரே ராத்திரியில் அடங்கிப்போயிருந்தது. கேட்கிற காது தலையணையில் அமுங்க, அவள் தூங்கிவிட்டாள்.

"அழுக்கு அடைச்சிருக்கும்மா. எண்ணெ காய்ச்சி ஊத்துங்க" என்றான் என் மகன் நாகராஜ்.

"ஒங்காதுல ஊத்துதேன், வா" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கே அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

காது டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்தாள். அழுக்கே இல்லை. சத்தம் வைத்துச் சோதித்தாள். இடது பக்கம் ஏறக்குறைய ஒன்றுமே கேட்கவில்லை. எங்கேயாவது மரத்துப்போகிறதா, கண் மங்குகிறதா என்று கேட்டாள். கோகிலா இல்லையென்று தலையாட்டினாள். நான் விடுவேனா?

"பொய் சொல்லுதா டாக்டர். போன மாசம் மாஹிம்லேர்ந்து ஒத்தச் செருப்போட வந்தா. ஒண்ணு கழண்டதே அவளுக்குத் தெரியல."

"சும்மா இருங்க அத்தை" என்று கோகிலா என் கையைக் கிள்ளினாள். டாக்டரம்மா உடனே நரம்பு டாக்டருக்கு எழுதிக் கொடுத்தாள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கோகிலா அழுதாள். "நரம்பு வியாதின்னா என்னைய ஊருக்கு அனுப்பிருவியல்லா?"

இதைத்தான் ஒரு மாதமாக உள்ளே வைத்துப் புழுங்கியிருக்கிறாள்.

"அனுப்பிட்டு? ஒம் புருசன்கிட்ட நான் தனியா மல்லுக்கட்டவா? மூக்கைத் தொடை."

சுரங்கம் மாதிரி ஒரு மிஷினுக்குள் படுக்க வைத்துத் தலையைப் படம் எடுத்தார்கள். கரண்டு வயருக்கு மேலே உறை இருக்கிறதே, அதுபோல நரம்புக்கும் உண்டாம். அவள் உடம்பே அந்த உறையை அரிக்கிறதாம். காலுக்குப் போகிற வழியில் முதலில், பிறகு காதுக்குப் போகிற வழியில். காதில் இப்படித் திடீரென்று தெரிவது அபூர்வம் என்றார் டாக்டர். ட்ரிப்பில் மருந்து ஏற்றினார்கள். கேட்கும் சக்தி திரும்பலாம், நோய் மறுபடியும் தலைகாட்டலாம், மருந்தை மட்டும் விடக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

அதன்பிறகு சந்துக்காரர்களை எழுப்புகிற வேலையை சஃபீனா எடுத்துக்கொண்டாள். அவள் கத்தலுக்குக் குழந்தைகள் அலறிக்கொண்டு எழுந்தன.

ஒரு நாள் விடிகாலையில் என் தோளை ஒரு கை உலுக்கியது.

"அத்தை, தண்ணி வருது."

இருட்டில் அவள் முகத்தைத் தடவினேன். வலது கன்னத்தில் தலையணைத் தையல் அழுந்தியிருந்தது.

"இந்தப் பக்கமா படுத்திருந்த?"

"ஆமா அத்தை. எடது காதுல ஒரே இரைச்சலாத்தான் கேக்கு. ஆனா கேக்கு."

"போ, போய்க் கூப்பிடு" என்றேன்.

"சஃபீனாக்கா கோவிப்பாவளோ?"

"அவளைத்தான் மொதல்ல எழுப்பு."