இடது பக்கச் சக்கரம்

தையல் மெஷின் மக்கர் பண்ணினால் அந்த வட்டாரத்தில் முதலில் வாயில் வரும் பெயர் ஸ்பேனரம்மா. பதினெட்டு வருஷமாக ஸ்கூட்டரில் கருவிப்பையைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போகிறவள். மெஷின் ஓடும் சத்தத்தை வாசலிலேயே கேட்டு, "பாபின்லதான் கோளாறு" என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றுவாள்.

அந்த மாதம் எல்லார் போனிலும் மெஷின் படத்தோடு ஒரே செய்தி. பேர்போன மெஷின் கம்பெனி ஒன்று இலவசமாக மெஷின் தருகிறதாம். இருபது பேருக்கு அனுப்பிவிட்டு, அதில் இருக்கும் இணையப் பக்கத்தில் போனுக்கு வரும் ஆறு இலக்க எண்ணைப் போட்டால் போதுமாம். பள்ளிச் சீருடை தைக்கும் அக்கா அந்த எண்ணைப் போட்டுவிட்டாள். மறுநாளே அவள் போனில் செய்தி அனுப்பும் கணக்கு கைவிட்டுப் போனது. அவள் படத்தோடு அதே செய்தி ஊரெல்லாம் பறந்தது.

"நீ ரிப்பேர் பண்ற கம்பெனிதானேன்னு நம்பிட்டேன்டி" என்று அக்கா அழுதாள்.

ஸ்பேனரம்மாவுக்குச் சுருக்கென்றது. உடனே கம்பெனிக்குப் போன் போட்டாள். "அது எங்க விளம்பரம் இல்ல மேடம், கண்டுக்காதீங்க" என்றது ஒரு குரல். மூன்று முறை கூப்பிட்டாள். மூன்று குரல், ஒரே பதில்.

"உனக்கெதுக்கு ஊர் வம்பு?" என்றார் வேன் ஓட்டும் கணவர்.

"ஊர் வம்பா? தினம் அந்த மெஷினைக் கழட்டி மாட்டுறது என் கை. அது பேரைச் சொல்லி ஏமாத்தினா எனக்குக் கோவம் வராதா?"

அவர் வேன் சாவியை எடுத்தார். "ஏறு. ஆபீஸ்ல இறக்கி விடறேன்."

கிளை மேலாளர் மரியாதையாகத்தான் கையை விரித்தார். "யார் வேணாலும் எங்க பேரைப் போட்டுக்கலாம். நாங்க என்னம்மா பண்றது?"

அவள் போனை அவர் முன்னால் வைத்தாள். "இந்தச் செய்தியில வந்த படத்துல, கையால சுத்துற சக்கரம் எந்தப் பக்கம் இருக்கு சார்?"

"இடது பக்கம்."

"நீங்க வித்த எந்த மெஷின்லயாவது அப்படி இருக்கா? எல்லாத்துலயும் வலது பக்கம்தானே? வேற யாரோட மெஷின் படத்தையோ இடம்வலமா திருப்பிப் போட்டு, உங்க பேரை ஒட்டியிருக்கான். இதை நீங்க வெளிய சொன்னா, தைக்கிறவங்க பார்த்ததும் புரிஞ்சுக்குவாங்க. சொல்லாம இருந்தா, வாங்கினவங்களைத் திருடன்கிட்ட விட்டுட்டுக் கதவைச் சாத்துற மாதிரி."

மேலாளர் எழுந்துபோய், மூலையில் இருந்த மெஷினை ஒருமுறை பார்த்தார். அவளை உட்கார வைத்துக்கொண்டே தலைமை அலுவலகத்தைக் கூப்பிட்டார்.

பத்தே நாளில் அந்தப் பொய்ப் பக்கம் நீக்கப்பட்டது. கம்பெனியே எழுதிக் கேட்டதால் அக்காவின் கணக்கும் திரும்பியது. எல்லாக் கடைகளிலும் எச்சரிக்கை நோட்டீஸ். சக்கரத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம். கீழே, 'கண்டுபிடித்தவர் எங்கள் பணியாளர்' என்றிருந்தது.

மேலாளருக்குப் போன் போட்டாள். "நான் உங்க பணியாளர் இல்ல சார். சொந்தத் தொழில் பண்றவ. திருத்துங்க."

திருத்தினார்கள். 'கண்டுபிடித்தவர்: மெஷின் மெக்கானிக் ஒருவர்' என்று வந்த நோட்டீஸைக் கணவர் வேன் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டார். "கிழிச்சுப் போடுங்க, மானம் போகுது" என்று வாயால் திட்டினாளே தவிர, அதில் அவள் கை வைக்கவில்லை.