எண்ணெய் குடித்த ஐந்து சென்ட்

சூளகிரி நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிப் பட்டறை வைத்திருந்த கௌஸ் பாஷா கெட்டவர் அல்லர். நல்லவர் என்றும் உடனே சொல்லிவிட முடியாது. ராயக்கோட்டையிலிருந்து லாரி கிளீனராகப் புறப்பட்டு, எழுபத்தெட்டில் சொந்தப் பட்டறை போட்டவர். இன்ஜினிலிருந்து இறக்கிய கழிவு எண்ணெயைப் பதினைந்து வருடங்களாகப் பட்டறைக்குப் பின்னால் ஊற்றிவந்தார். கண்ணில் படாத இடத்தில் கொட்டியது இல்லாமல் போய்விடும் என்று நம்புகிறவர்கள்தான் உலகில் அதிகம். அவரும் நம்பினார்.

எண்ணெய் எங்கும் போய்விடவில்லை. மழைத் தண்ணீரோடு சரிவில் இறங்கி, பக்கத்து நிலத்துக்காரி சரசம்மாவின் ஐந்து சென்ட்டில் ஊறிவிட்டது. தக்காளி கருகியது. அடுத்த வருடம் கொள்ளுகூட முளைக்கவில்லை. சரசம்மா சண்டைக்கு வரவில்லை. நடுவில் முள்வேலி அடைத்தாள், அவரோடு பேசுவதை நிறுத்தினாள், ஓசூரில் ஒரு கம்பெனிக்குக் கூட்டிப் பெருக்கப் போனாள். பாஷா வீட்டிலிருந்து போன நோன்புக் கஞ்சித் தூக்கு திறக்கப்படாமல் திரும்பி வந்தது. இப்படி நான்கு வருடம். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

தொண்ணூற்று மூன்றில், பெங்களூரில் மண் ஆராய்ச்சி செய்துவந்த காவேரி என்ற பெண்ணின் ஜீப் பட்டறை வாசலில் நின்றுபோனது. ஜீப்பைச் சரிசெய்த பாஷா கூலி கேட்கவில்லை. வேலிக்கு அப்பால் கருத்துக் கிடந்த நிலத்தைக் காட்டினார்.

"இதுக்கு மருந்து எதுனா இருக்குதா மேடம்?"

"மருந்து வேணாம் பாய். எண்ணெயத் திங்கற உயிருங்க அந்த மண்ணுலயே இருக்குது, கண்ணுக்குத் தெரியாது. அதுங்களுக்குக் காத்து, ஈரம், சாணம் குடுங்க. முதல்ல நீங்க ஊத்தறத நிறுத்துங்க."

அன்றே ஒரு பீப்பாய் வாங்கி எண்ணெயை அதில் பிடிக்கத் தொடங்கினார். நிலத்தில் இறங்கி வேலை செய்யலாமா என்று சரசம்மாவிடம் காவேரியே போய்க் கேட்டாள். சரசம்மா ஒரு ஆள் நுழையும் அளவுக்கு வேலியைத் திறந்துவிட்டாள். வாயை மட்டும் திறக்கவில்லை.

வெள்ளிதோறும் தொழுகை முடிந்ததும் பாஷா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்வெட்டியோடு இறங்குவார். சாணமும் மக்கிய வைக்கோலும் கலந்து, தண்ணீர் தெளித்து, மண்ணைக் கிளறிவிடுவார். ஐந்தாம் மாதம் கருப்பு பழுப்பானது. நாற்றமும் குறைந்தது.

தன் மேலதிகாரியை அழைத்து வருவதாகக் காவேரி கடிதம் போட்டாள். பாஷாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மந்திரி வந்தபோது சாலையின் இரு பக்கமும் பிளீச்சிங் பவுடர் தூவியிருந்ததைப் பார்த்தவர் அவர். அதேபோல் வழிநெடுகக் கோடு போட்டார். சாண வாடை அடிக்கக் கூடாதே என்று மீதியை நிலத்தின் மேலேயே தாராளமாகத் தூவினார்.

மேலதிகாரியோடு ஜீப்பிலிருந்து இறங்கிய காவேரி திகைத்து நின்றாள்.

"யாரு பண்ணது இது? கிருமியக் கொல்லத்தானே இதப் போடறாங்க! நாம வளத்ததும் கிருமிதானே!"

லாரிக்காரன் யாரோ என்று சொல்லியிருக்கலாம். "நான்தான் மேடம்," என்றார் பாஷா. "ஒரு மரியாதைக்குப் போட்டேன்."

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "ஏன் பாய், பதினஞ்சு வருசம் எண்ணெய ஊத்தினே. அதத் திங்க வந்ததுக்கும் வெசம் வெச்சிட்டியா?"

நான்கு வருடத்தில் சரசம்மா அவரிடம் பேசிய முதல் பேச்சு. பாஷா தலைகுனிந்து கேட்டார். திட்டு சீக்கிரம் முடிந்துவிடக் கூடாதே என்றிருந்தது.

காவேரி தோண்டிப் பார்த்தாள். "மேலாப்புலதான் செத்திருக்கு. நாலு விரக்கடை வழிச்சி எடுத்துட்டு, மறுபடி மூணு மாசம் கிளறணும்."

"ஒத்தை ஆளு கிளறினா ஆறு மாசமாவும்," என்று சொல்லிவிட்டு, சரசம்மா தன் மண்வெட்டியை எடுக்கப் போனாள்.

மூன்று மாதம் கழித்துக் காவேரி விதைக்கச் சொன்னாள். முதல் விளைச்சலை மனிதரோ மாடோ தின்னக் கூடாது, சோதித்த பிறகுதான் மற்றது என்றாள். சரசம்மா கொள்ளு தெளித்தாள்.

"திங்கக் கூடாதுன்னாங்களே சரசம்மா?"

"திங்கவா போட்டேன்? மொளைக்குதான்னு பாக்கப் போட்டேன்."

ஆறாம் நாள் காலை பாஷா கியர்பாக்ஸைப் பிரித்துக்கொண்டிருந்தபோது அவள் கூப்பிட்டாள். "பாய், கையக் கழுவிக்கினு வந்து பாரு."

சோப்புப் போட்டுக் கழுவினார். வாளியில் தண்ணீர் கருத்துக் கிடந்தது. அதைத் தூக்கிக்கொண்டு, எங்கே ஊற்றுவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வாளியை அங்கேயே வைத்துவிட்டு, வேலித் திறப்பில் குனிந்து நுழைந்தார்.