கால் ஒரு வீடு, தட்டு ஒரு வீடு

மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்த்துப் பொருத்துகிறவளுக்குக் கண் கூர்மையாக இருப்பது நியாயம்தான். ஆனால் அந்த வீட்டு மூத்த மருமகளின் கூர்மை முழுவதும் கால்தட்டுகளின் மேல்தான் போயிற்று. கால்தட்டு என்பது அந்த வீட்டார் வைத்த பெயர். சாப்பாட்டு மேசையின் நடுவில் பழமோ இனிப்போ எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று அந்தக் காலத்தில் செய்த, ஒற்றைக் கால் வைத்த தட்டு அது. பீங்கான், கண்ணாடி, வெள்ளி என்று கூடத்து அலமாரி நிறையச் சேர்த்து வைத்திருந்தாள். ஒன்றிலாவது ஒரு பழம் வைக்க விடமாட்டாள். அந்த வீட்டு வாழைப்பழம் சமையலறை மூலையில், பிளாஸ்டிக் கூடையில் கறுத்துக்கொண்டு கிடக்கும்.

"இத்தனை பழத்தட்டு இருக்கு. நாம என்னவோ கூடையில பொறுக்கித் தின்னுறோம்," என்பார் அவள் கணவர். பிறகு தோலை உரித்துச் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்.

பழைய சாமான் கடைக்குப் போனால் அவளுக்கென்று ஒரு தந்திரம் உண்டு. எது வேண்டுமோ அதைப் பார்க்கக் கூடாது. அதற்குப் பக்கத்தில் இருப்பதைத்தான் பார்க்க வேண்டும். ஆசையைக் கண்டுபிடித்துவிட்டால் கடைக்காரர் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வார். இந்தத் தந்திரத்தால்தான் பாதி அலமாரி நிறைந்தது. அதனாலேயே அவள் மோசமும் போனாள்.

அந்தக் கடைக்கு ஒரு பீங்கான் கால்தட்டு வந்திருந்தது. கூடை பின்னினதுபோல் ஓரமெல்லாம் துளை விட்ட வெள்ளைத் தட்டு. உள்ளே சின்னச் சின்ன நீலப் பூக்கள். கீழே மூன்று குழந்தைகள் கையை உயர்த்தி அதைத் தாங்கிக்கொண்டு நின்றன. பார்த்த மாத்திரத்தில் மூத்தவளுக்கு அது வேண்டும் என்று ஆகிவிட்டது. வழக்கம்போல் பக்கத்தில் இருந்த அசட்டுக் கண்ணாடி ஜாடியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அடுத்த வாரமும் போய் ஜாடியையே பார்த்தாள். அதற்கு அடுத்த வாரமும் அப்படியே.

நாலாம் தடவை போனபோது கடைக்காரர் முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து வந்தார்.

"வாங்க வாங்க. உங்க ஜாடியை யாருக்கும் குடுக்காம எடுத்து வெச்சிருக்கேன்."

"அந்தப் பீங்கான் எங்க?"

"அதை உங்க ஓரகத்தி வாங்கிட்டுப் போயிட்டாங்க. நீங்கதான் அதைத் திரும்பிக்கூடப் பாக்கலியே."

ஓரகத்தி என்றால் கொழுந்தன் மனைவி, மாடி வீட்டுச் சின்னவள். குழந்தைகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பீங்கானுக்கும் பிளாஸ்டிக்குக்கும் வித்தியாசம் தெரியாதவள் என்பது மூத்தவளின் கணிப்பு. அவள் எதற்கு வாங்கினாளாம்? அந்த மூன்று குழந்தைகளில் ஒன்று, ஊசி போடப் போகும்போது உதட்டைப் பிதுக்கும் தன் வார்டுப் பையன் மாதிரியே இருந்ததாம். இதைக் கேட்டதும் மூத்தவளுக்கு ஆறவே இல்லை. மனசாரச் சேர்க்கிறவளுக்குக் கிடைக்காதது, உதட்டைப் பார்த்து வாங்குகிறவளுக்குக் கிடைக்கலாமா?

ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்கள் எல்லோரும் மாடியில் சாப்பாட்டுக்குக் கூடியிருந்தார்கள். நடு மேசையில் அது நின்றது, பழங்களோடு. ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். சின்னவள் மட்டும், "அக்கா பாத்துச் சொல்லட்டும். அவங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும்," என்று பழங்களை எடுத்து வைத்துவிட்டுத் தட்டை நீட்டினாள்.

மூத்தவள் அதைக் கவிழ்த்துப் பார்த்தாள். காலும் தட்டும் தனித்தனியாகச் செய்து நடுவில் திருகாணி போட்டு முடுக்கியது. தட்டின் அடியில் நீல மையில் ஏழு என்று ஓர் எண். காலின் உட்புறத்திலும் அதே ஏழு, வால் சுழித்த அதே கையெழுத்து. இதற்கு இதுதான் என்று செய்தவனே எழுதி வைத்தது. ஒரு குறை சொல்வதற்கில்லை. அந்தக் குறை இல்லாததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"கல்யாணம் பண்ணி வெச்சது," என்றாள்.

யாருக்கும் புரியவில்லை. "பழைய சாமான் கடையில அப்படித்தான் சொல்லுவாங்க. ஒண்ணோட தட்டு, வேற ஒண்ணோட கால். உடைஞ்சுபோன ரெண்டைச் சேர்த்து ஒண்ணாக்கி வித்துருவாங்க. தெரியாதவங்க ஏமாந்துருவாங்க."

சின்னவள் முகம் சுண்டிப்போயிற்று. மூத்தவளுக்கு அந்த ஒரு வேளைச் சாப்பாடு நன்றாக இறங்கியது.

இரண்டு வாரம் கழித்துச் சின்னவள் துண்டில் எதையோ சுற்றி எடுத்துக்கொண்டு கீழே வந்தாள். பிரித்தால், மூன்று குழந்தைகளும் வெறும் கையை உயர்த்திக்கொண்டு நின்றன.

"நீங்க சொன்னதுல இருந்து மனசு ஒப்பலக்கா. கடைக்காரரையே திருகாணியைக் கழட்டித் தரச் சொன்னேன். உங்க ரோஸ் கண்ணாடித் தட்டுக்குத்தான் கால் ஒடைஞ்சு போச்சே. இது ஆகுமான்னு பாருங்க."

மூத்தவளுக்கு ஏழு என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால், வேண்டுமென்றே பொய் சொன்னது தெரிந்துவிடும். இனிமேல் இந்தக் குடும்பத்தில் "அக்கா பாத்துச் சொல்லட்டும்" என்று யார் சொல்வார்கள்? சொல்லாவிட்டால், அந்தக் கால் தன் அலமாரியில் நிற்கும்.

"ஆகும்," என்று வாங்கிக்கொண்டாள்.

ரோஸ் தட்டை அதன் மேல் பொருத்தினாள். வருகிறவர்கள் மயங்கித்தான் போனார்கள். அவள் கண்ணுக்கு மட்டும் அது அசல் கல்யாணம் பண்ணி வைத்ததாகவே தெரிந்தது. வெள்ளைப் பீங்கான் குழந்தைகளின் தலைமேல் ரோஸ் கண்ணாடி, யாருடைய தொப்பியையோ மாட்டிக்கொண்ட மாதிரி. பார்க்கப் பார்க்க எரிச்சல்தான் வந்தது.

அவள் கணவர் இப்போது பழம் தின்ன மாடிக்குப் போய்விடுகிறார். காலில்லாத தட்டு அங்கே மேசையோடு மேசையாக உட்கார்ந்திருக்கிறது. பிள்ளைகள் அதைச் சுற்றி அடித்துக்கொள்கிற சத்தமும் பெரியவர்களின் சிரிப்பும் கீழே கேட்கும். ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் மூத்தவளும் படியேறினாள்.

"வாங்கக்கா. காலு பொருந்திச்சா?"

"பொருந்திச்சு."

"பாத்தீங்களா, அதுக்குன்னே செஞ்ச மாதிரி."

நடுவில் இருந்தது தட்டு. மிச்சம் இருந்தது ஒரே ஒரு பழம். அதற்கும் கீழே, அடிப்பக்கத்தில், அந்த ஏழு இருக்கிறது. கேட்டால் சின்னவள் கொடுத்துவிடுவாள். மறுபேச்சில்லாமல் கொடுத்துவிடுவாள். அதுதான் கேட்க விடவில்லை. ஆசை முகத்தில் தெரிந்துவிடக் கூடாதே என்று, பக்கத்தில் தண்ணீர் வைத்திருந்த பச்சை பிளாஸ்டிக் குவளையையே மூத்தவள் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சின்னவள் அதைக் கவனித்துவிட்டாள். குவளையைக் கொட்டி, கழுவி, துடைத்து எடுத்து வந்தாள்.

"உங்களுக்குப் பிடிச்சிருக்குன்னா ஒரு வார்த்தை சொல்றதுதானேக்கா," என்று அதை அவள் கையில் கொடுத்தாள்.