சுவாதி நகர்ந்த நூறு விகலை

அந்த மிஸ்ஸை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

அறுபதுகளின் நடுவில் திருச்சியில் பி.எஸ்ஸி. கணிதம் படித்தேன். முதல் வகுப்பு வந்தால் மெட்ராஸில் எம்.எஸ்ஸி., இல்லாவிட்டால் கல்யாணம் என்று அப்பா தீர்த்துச் சொல்லிவிட்டார். வானியல் ரெக்கார்டு நோட்டுக்காக, பன்னிரண்டு நட்சத்திரங்களின் இருப்பிடத்தை இரண்டு அட்டவணைகளில் ஒப்பிட வேண்டும். ஒன்று மற்றதைவிட ஐம்பது வருஷம் பழையது. பூமியின் அச்சு மெல்லத் திரும்புவதால் வரும் வித்தியாசத்தைச் சரிசெய்துவிட்டால் இரண்டும் ஒத்துப்போகும் என்றார் மிஸ்.

பதினொன்று ஏறக்குறைய ஒத்துப்போயின. சுவாதி மட்டும் தெற்கே நூறு விகலை தள்ளி நின்றது. விகலை என்பது டிகிரியில் துளியூண்டு துண்டுதான். ஆனாலும் நூறு அதிகம். ஸ்ரீரங்கம் பஸ்ஸில் நின்றுகொண்டே மறுபடி கூட்டிப் பார்த்தேன். தப்பே இல்லை. கடைசியில், அட்டவணையின் ஓரத்தில் யாரும் பார்க்காத ஒரு பத்தியில் விடை கிடைத்தது. நட்சத்திரங்கள் தாமாகவும் நகர்கின்றன. சுவாதி மற்றவற்றைவிட வேகம். வருஷத்துக்கு இரண்டு விகலை, ஐம்பது வருஷத்துக்கு நூறு. சந்தோஷம் தாங்கவில்லை.

மிஸ்ஸிடம் ஓடினேன். அந்தப் பத்தியை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

“அதெல்லாம் நம்ம போர்ஷன்ல இல்ல. பதினொண்ணு சரியா வந்து ஒண்ணு வரலேன்னா, கணக்குல தப்புன்னுதானே அர்த்தம்? மாத்தி எழுதிட்டு வா, கையெழுத்துப் போடறேன்.”

கையெழுத்தில்லாத நோட்டு செல்லாது. பிளேடால் சுரண்டிவிட்டு, ஒத்துப்போகிற எண்ணை எழுதினேன். வெட்கங்கெட்ட வேலை. தெரிந்தேதான் செய்தேன்.

வெளியூரிலிருந்து வந்த எக்ஸாமினர் நோட்டைப் புரட்டி, நேரே சுவாதியில் விரலை வைத்தார்.

“இது எப்படிம்மா ஒத்துப்போச்சு? ஒத்துப்போகவே கூடாதே! கணக்கே போடாம பார்த்து எழுதினீங்களா?”

மிஸ் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் ஜன்னல் வழியே மலைக்கோட்டையைப் பார்த்தார், என்னவோ அன்றைக்குத்தான் அதைக் கட்டி முடித்த மாதிரி. அந்த ஒன்று பொய்யென்றால் பன்னிரண்டும் பொய் என்று எக்ஸாமினர் முடிவுகட்டினார். ரெக்கார்டு மார்க் போயிற்று, முதல் வகுப்பும் போயிற்று.

ரிசல்ட் வந்த அன்று மிஸ் வராந்தாவில் என்னை நிறுத்தி, நிஜமான வருத்தத்தோடு கேட்டார்.

“முதல்ல சரியாத்தானே போட்டிருந்தே? ஏம்மா மாத்தினே?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “தெரியலை மிஸ்” என்றேன்.

ஆவணியில் கல்யாணம். மிஸ் வந்திருந்தார். பெரியவர்களை நமஸ்காரம் பண்ணச் சொன்னபோது அவரையும் சேர்த்து நிற்கவைத்தார்கள். விழுந்து எழுந்தேன். வாய் நிறைய வாழ்த்தி, என் தலையில் அட்சதை போட்டார்.