எங்கள் தஞ்சாவூருக்குக் கடல் உண்டு

என் மகள் மித்ரா அப்பாவோடு போனில் பேசும்போது ஹலோ சொல்வதில்லை. சாப்பிட்டீங்களா, எப்படி இருக்கீங்க, எதுவும் கிடையாது. திரையில் அவர் முகம் தெரிந்ததும், "ஜன்னலைக் காட்டுங்க" என்பாள். அவர் மறுபேச்சில்லாமல் எழுந்து போய் போனைத் திருப்பிப் பிடிப்பார். கொஞ்சம் கடல் தெரியும். கடலுக்கு அந்தப் பக்கம் நிறம் மாறும் விளக்குகளோடு நாலைந்து கோபுரக் கட்டடங்கள். "ம், சரி" என்று இவள் சொன்ன பிறகுதான் பேச்சே ஆரம்பமாகும். அஜ்மானில் எங்கள் பிளாட்டுக்கு வருகிறவர்கள் இதை அப்பா-பெண் விளையாட்டு என்று நினைத்துச் சிரிக்கிறார்கள். விளையாட்டும் இல்லை, மண்ணும் இல்லை. ஏர்போர்ட்டில் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்க்கிறானே, அந்தச் சோதனை. பன்னிரண்டு வயதில் பெற்ற தகப்பனிடம் இருக்கிற இடத்துக்குச் சாட்சி கேட்கும்படி இவளை ஆக்கியது யார் என்று கேட்டால் என் வாயில் நல்ல வார்த்தை வராது.

ஏதாவது ஒரு நாடு ஒரு கூட்டமைப்பை விட்டுப் போனாலும் சரி, கூட்டமைப்பு ஒரு நாட்டைக் கழற்றி விட்டாலும் சரி, மறுநாளே டிவியில் நாலு பேர் கோட்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்து லாப நஷ்டம் பேசுகிறார்கள். ஏற்றுமதிக்கு என்ன ஆகும், பங்குச்சந்தைக்கு என்ன ஆகும் என்று ஒரு மணி நேரம். அரசியல் விலை என்று ஒன்று கடைசியில் வரும், அதற்கு மட்டும் முகத்தைக் கொஞ்சம் வாட்டமாக வைத்துக்கொள்வார்கள். ஊரில் இருக்கிற நீங்கள் அதைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் போட்டு, "அங்க ஒண்ணும் பிரச்சினை இல்லையே?" என்று கேட்கிறீர்கள். இத்தனை வருடமாக அதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. இன்று சொல்லிவிடுகிறேன்.

என் கணவர் செல்வம் தஞ்சாவூர்க்காரர். கத்தார் தலைநகர் தோஹாவில் பெரிய கட்டடங்களின் ஏசி பிளான்ட் இன்ஜினியர். நான் துபாய் தேராவில் ஒரு சரக்கு அனுப்பும் கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறேன். வாடகைக்குப் பயந்து பக்கத்து அஜ்மானில் குடியிருப்பு. திருச்சி வீட்டு லோன் என் சம்பளத்தில், மற்றதெல்லாம் அவர் சம்பளத்தில் என்று ஏற்பாடு. இரண்டு நாட்டில் குடித்தனமா என்று நீங்கள் வாயைப் பிளக்க வேண்டாம். அவர் வியாழக்கிழமை சாயங்காலம் டியூட்டி முடித்து ஏறினால் விமானத்தில் கொடுக்கிற ஜூஸைக் குடித்து முடிப்பதற்குள் இறங்கச் சொல்லிவிடுவார்கள். வெள்ளி, சனி இரண்டு நாளும் மித்ரா அவர் தோளைவிட்டு இறங்க மாட்டாள். திருச்சியிலிருந்து சென்னைக்கு பஸ்ஸில் போகிறவன் இதைவிட அதிகம் கஷ்டப்படுகிறான் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

ஒரு ரமலான் மாதத்துக் காலையில் அந்தச் சிரிப்பு நின்றது. நான் இருக்கும் நாடும் அக்கம்பக்கத்து நாடுகளும் சேர்ந்து கத்தாருடன் உறவை அறுத்துக்கொண்டதாகச் செய்தி வந்தது. விமானம் இல்லை, கப்பல் இல்லை, தரைவழியும் அடைப்பு. ஒரே கூட்டமைப்பில், ஒரே மாதிரி அங்கி போட்டுக்கொண்டு, ஒருவர் வீட்டில் ஒருவர் பெண் எடுத்தவர்கள். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் சுத்தமான பங்காளிச் சண்டை. செல்வம் போனில், "ஒரு வாரம் பொறு, பெருநாளைக்குள்ள கட்டிப்பிடிச்சுக்குவாங்க" என்றார். அவருக்கு எப்போதும் உலகத்தின்மேல் நம்பிக்கை அதிகம். பெருநாள் வந்தது, போனது. அடுத்த பெருநாளும் போனது.

அந்த முதல் வாரத்திலேயே இன்னொரு செய்தியும் வந்தது. கத்தார்மீது அனுதாபம் காட்டிப் பேசினாலோ எழுதினாலோ தண்டனை, ஜெயில்கூட உண்டு என்றார்கள். அனுதாபம்! திருட்டு குற்றம், அடிதடி குற்றம், புரிகிறது. ஐயோ பாவம் என்று நினைப்பது குற்றம் என்று அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். புருஷனை நினைத்துக் கண் கலங்கினால் அது எந்தக் கணக்கில் வரும் என்று கேட்கக்கூட ஆள் இல்லை. எங்களைப் போன்றவர்களைப் பிடித்தார்களா என்றால், நான் அறிந்து யாரையும் பிடிக்கவில்லை. ஆனால் விசாவில் தொங்குகிறவர்களுக்குப் பயம் காட்ட ஆளைப் பிடிக்க வேண்டியதில்லை. ஆபீசில் தோஹா என்று சொல்வதையே எல்லோரும் விட்டுவிட்டார்கள். "அந்தப் பக்கம்" என்றார்கள்.

மித்ராவுக்கு அப்போது நாலு வயது. லிஃப்டில் ஏறுகிறவர், வாட்ச்மேன், ஸ்கூல் பஸ் டிரைவர், எல்லோரிடமும் தானே போய்ப் பேசுவாள். "எங்கப்பா தோஹால இருக்காங்க, பாவம், ப்ளேன் இல்ல" என்று யாரிடம் எப்போது சொல்லுவாளோ என்று எனக்குத் தினமும் பயம். ஆகவே நான் ஒரு வேலை செய்தேன். "அப்பா இனிமே தஞ்சாவூர்ல இருக்காரு. யாரு கேட்டாலும் தஞ்சாவூர்னு சொல்லணும்" என்றேன். அவரையும் அப்படியே சொல்ல வைத்தேன். குழந்தையிடம் பொய் சொல்லலாமா என்று கேட்கிறவர்கள் ஒரு மாதம் என் விசாவில் இங்கே இருந்து பார்த்துவிட்டு வந்து கேட்கட்டும்.

பள்ளி விடுமுறையில் அவளை ஒருநாள் ஆபீசுக்கு அழைத்துப் போனேன். எங்கள் மேனேஜர் மரியம், முதலாளியின் மகள், இந்த ஊர்க்காரப் பெண். கை நிறைய சாக்லேட் கொடுத்து, "பாபா வேர்?" என்று கேட்டாள்.

"தஞ்சாவூர்" என்றாள் மித்ரா, கணீரென்று.

"இந்தியா? நைஸ் ப்ளேஸ்?"

"பெரிய கடல் இருக்கு. பெரிய பெரிய டவர் இருக்கு. லைட் கலர் கலரா மாறும்" என்று இங்கிலீஷில் கையை விரித்துக் காட்டினாள். வீடியோவில் தினமும் பார்க்கிறாளே. மரியம் என் பக்கம் திரும்பி, "மாஷா அல்லா! இந்தியா வெரி டெவலப்டு நவ்" என்றாள் நிஜமான சந்தோஷத்தோடு. நானும் ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

செலவுக் கணக்கு கேட்பீர்களே, அதையும் சொல்கிறேன். துபாய் ஜபல் அலி துறைமுகத்தில் ஏற்றினால் மறுநாள் போய்ச் சேர்கிற டைல்ஸும் வெங்காயமும் ஓமானுக்குப் போய், அங்கே இறக்கி ஏற்றி, கடலைச் சுற்றிக்கொண்டு போயின. வாடகை ஏறியது, இன்சூரன்ஸ் ஏறியது, ஏற்றிய விலையை அங்கே கடையில் வாங்கியவன் கொடுத்தான். எங்கள் ஆபீசில் தோஹா டெஸ்க்கையே எடுத்துவிட்டு அதைப் பார்த்த மலையாளியை ஊருக்கு அனுப்பினார்கள். மிச்சமிருந்தவர்களுக்குச் சம்பளத்தில் வெட்டு. சரக்கு சுற்றியது போலவே நாங்களும் சுற்றினோம். அவர் அங்கிருந்து, நாங்கள் இங்கிருந்து, ஓமான் நாட்டுச் சலாலாவில் போய்ச் சந்தித்தோம். ஓமான் யார் பக்கமும் சேராமல் இருந்தது, புண்ணியமாகப் போகட்டும். மழைத் தூறல், தென்னந்தோப்பு, சாலையோரத்தில் இளநீர். மித்ரா, "இது எந்த ஊருப்பா?" என்றாள். செல்வம் வேடிக்கையாக, "இதுவா? கும்பகோணம்" என்றார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"உங்களுக்கு இது வெளாட்டா இருக்கா? வேலைய விட்டுட்டு எங்ககிட்ட வாங்க."

"கம்பெனி ரிலீஸ் குடுக்க மாட்டேங்குது. நீ வாயேன் அங்க."

"லோனை யாரு கட்டுவா? ஒங்க ஷேக்கா?"

"ஏண்டி, எனக்கு என்னமோ சொந்த ஷேக் இருக்கிற மாதிரி பேசுற" என்றார். இளநீர்க்கடைக்காரன் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு நாட்டுக்காரன் சண்டைக்கு மூன்றாவது நாட்டில் நின்று புருஷன் பெண்டாட்டி சண்டை போட்டோம்.

மித்ராவுக்கு ஆறு வயதிருக்கும்போது செல்வத்தின் அக்கா விஜயா வீட்டில் கல்யாணம். ஊர் தஞ்சாவூர், நிஜத் தஞ்சாவூர். அவர் அங்கிருந்து நேராக வருவதாக ஏற்பாடு. கடைசி நேரத்தில் லீவை கேன்சல் செய்துவிட்டார்கள். நானும் மித்ராவும் மட்டும் ரயிலைவிட்டு இறங்கி ஆட்டோவில் போனோம். இவள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எட்டி எட்டிப் பார்த்தாள். பெரிய கோயில் தெரிந்ததும், "இந்த டவர்ல லைட் கலர் மாறாதா?" என்று கேட்டாள். எனக்கு அப்போதாவது உறைத்திருக்க வேண்டாமா? கல்யாண அவசரத்தில் விட்டுவிட்டேன்.

மண்டபத்தில் விஜயா அண்ணி, "என்னடி தங்கம் தேடுற?" என்றார்.

"கடலை."

"தஞ்சாவூர்ல ஏதுடி கடலு!" மண்டபமே சிரித்தது.

"இருக்கு. எங்கப்பா தஞ்சாவூர்லதான் இருக்காங்க. கடல் பக்கத்துல. டெய்லி பாக்குறேன்."

சிரிப்பு சட்டென்று அடங்கியது. அதுதான் மோசம். ஒரு பெரியம்மா என்னை ஓரமாக இழுத்துப் போய், "செல்வம் ஊருலயா இருக்கான்? ஒனக்குத் தெரியாமயா? வேற எதுவும்..." என்று வாயைப் பொத்திக்கொண்டார். தாலி கட்டுவதற்குள் விஷயம் பந்தி வரைக்கும் போய்விட்டது. கத்தார் வேலை போய், செல்வம் ரகசியமாக ஊர் திரும்பி, நாகப்பட்டினம் பக்கம் கடற்கரையில் இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறாராம்! நாலு நாடுகளின் வெளியுறவுக் கொள்கை என் புருஷனுக்கு ஒரு சின்னவீடு கட்டிக் கொடுத்தது. எந்த டிவியிலாவது இந்த நஷ்டத்தைச் சொன்னார்களா?

மித்ரா அழவில்லை. மண்டபத்து மாடியில் அவளை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அந்த ஊர் பேர் தோஹா, நாடு கத்தார், ஏன் மாற்றிச் சொன்னோம் என்று. பொறுமையாகக் கேட்டாள்.

"அப்ப கடல் பொய்யா?"

"கடல் நிஜம்டா."

"தஞ்சாவூரு பொய்யா?"

"இதோ, தஞ்சாவூர்லதான இருக்கோம்."

"அப்ப எது பொய்யி?"

நான் அவள் பின்னலை அவிழ்த்துத் திரும்பப் பின்னிக்கொண்டிருந்தேன். அடுத்த நாள் அவர் வீடியோவில் வந்தபோதுதான் முதல்முறையாக, "ஜன்னலைக் காட்டுங்க" என்றாள்.

இதற்கு நடுவில் கத்தார் தானாகவே எண்ணெய் நாடுகளின் கூட்டமைப்பை விட்டும் போய்விட்டது. அதற்கும் கோட்டு போட்டவர்கள் வந்து பேசினார்கள். பிறகு மூன்றரை வருடம் கழிந்து ஒருநாள், தலைவர்கள் விமான நிலையத்தில் கட்டிப்பிடித்துக்கொண்டதை டிவியில் காட்டினார்கள். செல்வம் சொன்ன அதே கட்டிப்பிடி. ஆபீசில் பேரீச்சம்பழம் கொடுத்தார்கள். மரியம் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அவளுடைய சித்தியைத் தோஹாவில் கட்டிக் கொடுத்திருக்கிறார்களாம். "கலாஸ், எல்லாம் முடிஞ்சுது. நீ லக்கி, உனக்கு அங்க யாரும் இல்ல" என்றாள் இங்கிலீஷில்.

"என் ஹஸ்பண்ட் அங்கதான் இருக்கார்" என்றேன்.

"உன் ஹஸ்பண்ட் இந்தியாவுல இல்ல? கடல், டவர்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். "என்கிட்ட ஏன் சொல்லல?"

உன்னிடமா? அவள் நல்லவள்தான். யாரிடமும் சொல்லியிருக்க மாட்டாள். ஆனால் அவள் சித்திக்காக அழுதால் அது பாசம், நான் புருஷனுக்காக அழுதால் அது அனுதாபம். இதை எந்த பாஷையில் அவளுக்குச் சொல்வது? பேரீச்சம்பழத்தை வாங்கி பேப்பரில் சுற்றிக் குப்பையில் போட்டேன். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை, ஆற வேண்டும் என்றும் இல்லை.

கொரோனாக் கெடுபிடி தளர்ந்ததும் மித்ராவைக் கூட்டிக்கொண்டு தோஹாவுக்குப் பறந்தேன். அதே குட்டிப் பயணம், அதே ஜூஸ். செல்வம் ஏர்போர்ட் வாசலில் இரண்டு கையையும் விரித்து, "வாங்க வாங்க, தஞ்சாவூருக்கு வாங்க!" என்றார். பாவி மனுஷன், எத்தனை நாள் யோசித்து வைத்திருந்தாரோ. மித்ரா அவரிடம் போய் நின்று, "திஸ் இஸ் தோஹா, அப்பா" என்றாள். கத்தவில்லை, கோபிக்கவில்லை. தப்பாக எழுதியதைத் திருத்துகிற டீச்சர் குரல். அவர் விரித்த கையைச் சுருக்கி எங்கள் பெட்டியை வாங்கிக்கொண்டார்.

இப்போது வழி திறந்திருக்கிறது. ஆனால் இந்த நாடு தன் வார விடுமுறையைச் சனி, ஞாயிறு என்று மாற்றிக்கொண்டுவிட்டது. அங்கே இன்னும் வெள்ளி, சனிதான். ஆகவே எங்கள் மூன்று பேருக்கும் பொதுவாகச் சனிக்கிழமை ஒன்று மட்டும் மிச்சம். அதற்குப் பெரும்பாலும் அவர் வந்துவிடுகிறார்.

போன வாரம் சாயங்காலம் டிவியில் மறுபடியும் கோட்டு போட்டவர்கள். ஏதோ ஒரு நாடு ஏதோ ஒரு கூட்டமைப்பை விட்டு விலகப் போகிறதாம். ஹோம்வொர்க் செய்துகொண்டிருந்த மித்ரா தலையைத் தூக்கினாள்.

"அந்த நாட்டுல நமக்கு யாராச்சும் இருக்காங்களாம்மா?"

"இல்லடா."

"அப்ப ஓகே" என்று மறுபடி குனிந்துகொண்டாள்.

சற்று நேரத்தில் போன் வந்தது. "ஜன்னலைக் காட்டுங்க" என்றாள். அவர் காட்டினார். கடல், கட்டடங்கள், விளக்குகள். "ம், சரி" என்றாள். அவர் போனைத் திரும்பத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் அறையிலும் பின்னால் அதே டிவிப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஒரு தடவை டிவியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "மித்ரா, உங்க ஜன்னலைக் காட்டும்மா" என்றார்.

இதுவரை அவர் அப்படிக் கேட்டதே இல்லை. மித்ரா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு எழுந்து போய்த் திரைச்சீலையை விலக்கி, போனை வெளியே காட்டிப் பிடித்தாள். எங்கள் ஜன்னலில் எதிர்க் கட்டடங்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு கை அகலத்துக்குத்தான் கடல் தெரியும். அவர் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ம், சரி" என்றார்.