ராஜ்மா வாரம்

கௌதமன் டெல்லி கோல் மார்க்கெட் அரசுக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்த தமிழன். அதாவது, தோசையைத் தமிழில் கேட்பான், கோபம் வந்தால் இந்தியில் திட்டுவான், தமிழ்ப் பத்திரிகை கையில் கிடைத்தால் படம் மட்டும் பார்ப்பான். அப்பா ஓய்வுபெற்றதும் பெற்றோர் திருமங்கலத்துக்குத் திரும்பிவிட்டார்கள். இவன் குர்காவ்ன் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை, மதுரைக்காரி அகல்யாவோடு குடித்தனம் என்று டெல்லியிலேயே தங்கிவிட்டான்.

அகல்யா கருவுற்றதும் செல்போனில் ஒரு ஆப்பை இறக்கினான். அது கருவின் வளர்ச்சியை மளிகைக் கடைக்காரர் மாதிரி அளந்து சொன்னது. ஐந்தாம் வாரம் எள். ஆறாம் வாரம் மசூர் பருப்பு. அந்தப் பருப்புக்குள்ளே குழாய் போல ஓர் இதயம் துடிக்கத் தொடங்கிவிடுமாம், பின்னால் குட்டி வாலும் உண்டாம்.

"வாலா?" என்று பதறினான்.

"அது தன்னால மறைஞ்சுரும். உங்க வம்சத்துலதான் சிலருக்கு மறையல போல" என்றாள் அகல்யா.

எட்டாம் வாரம் ராஜ்மா, அதாவது வடக்கத்திக்காரர்கள் குழம்பு வைக்கும் சிவப்பு பீன்ஸ் கொட்டை. அந்தச் சொல்லை இருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. போன வருஷம் முதல் கருவின் துடிப்பு அந்த வாரத்தில்தான் நின்றுபோனது. அதற்குள் கௌதமன் ஆபீசில் லட்டு கொடுத்து, சொந்தபந்தம் அத்தனைக்கும் வீடியோ கால் போட்டுத் தம்பட்டம் அடித்து முடித்திருந்தான். அத்தனை பேருக்கும் 'இல்லை' என்று சொல்லும் வேலை அகல்யாவின் தலையில் விழுந்தது. எனவே இம்முறை வீட்டில் ஒரே சட்டம்தான். எட்டாம் வார ஸ்கேன் முடியும்வரை யாரிடமும் மூச்சு விடக் கூடாது.

வாயைத் தைத்துக்கொண்டான் கௌதமன். கேன்டீனில் ராஜ்மா சாவல் போட்ட அன்று சாப்பிடாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு கரண்டியில் எத்தனை பேர்! வயிறு சரியில்லையா என்று கேட்டுப் பக்கத்து மேஜைக்காரர் ஓம வாட்டர் தேடிப் போனார்.

ஜனவரிக் குளிர் வேறு. சோப்பு வாசனை பட்டாலே அகல்யாவுக்குக் குமட்டியது. குளியலறைப் பக்கமே போகாமல் ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள். அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து அம்மா இந்திராணி கூப்பிட்டார். ஜாடையாகத்தான் கேட்டார்.

"ஏன்டா, அகல்யா எதுவும் முழுகாம கிழுகாம இருக்காளா?"

கௌதமனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. குளிக்காத சேதி திருமங்கலம்வரை போய்விட்டதே!

"ஆமாம்மா. நாலு நாளா முழுகாமத்தான் இருக்கா. பாவம், குளிரு."

"மீனாட்சித் தாயே!" என்றார் அம்மா.

பெண்டாட்டியை விட்டுக்கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. "இதுல என்னம்மா இருக்கு? நானும்தான் ரெண்டு நாளா முழுகாம இருக்கேன். டெல்லில பாதிப் பேரு இப்ப அப்படித்தான்."

அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். ஏன் என்று மாலையில்தான் புரிந்தது. டெல்லியிலேயே மந்திர் மார்க்கில் இருக்கும் அம்மாவின் தோழி சாந்தகுமாரி, மாங்காய் ஊறுகாய் பாட்டிலோடு வந்து நின்றார். "முழுகாம இருக்கியாமே! நல்லாயிரு. பப்பாளிப் பக்கமே போயிராத" என்று அகல்யாவின் கன்னத்தை வழித்துவிட்டுப் போனார்.

கதவு சாத்தியதும் அகல்யா திரும்பினாள். "முழுகாமன்னா என்னன்னு நெனச்ச?"

"குளிக்காமன்னு."

"லூசு. புள்ள உண்டாயிருக்குன்னு அர்த்தம்டா." சிரிப்பாகத்தான் ஆரம்பித்தாள், பாதியில் அது அழுகையாகிவிட்டது. "மறுபடியும் ஏதாவது ஆச்சுன்னா நான் எத்தன பேருக்குப் போன் போடணும், கௌதம்?"

ஊரையே சிரிக்க வைத்தவன் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். "இந்தத் தடவ எதுவா இருந்தாலும் நான் போடுறேன்" என்றான்.

ஸ்கேன் அன்று டாக்டர் வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை இவர்கள் பக்கம் திருப்பினார். சாம்பல் நிறக் கலங்கலுக்கு நடுவே ஒரு ராஜ்மா. கைக்கு அடையாளமாக இரண்டு மொட்டுகள். வால் இல்லை. நடுவில் ஒரு புள்ளி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"தட்கன் பில்குல் டீக் ஹை" என்றார் டாக்டர். துடிப்பு மிகச் சரியாக இருக்கிறதாம்.

அவனுக்கு நன்றாகத் தெரிந்த மொழி இந்தி. ஆனாலும் இன்னொரு முறை சொல்லச் சொன்னான்.

அகல்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து அவன் கையில் திணித்தாள். அம்மா முதல் மணியிலேயே எடுத்தார்.

"என்னடா ஆச்சு?" குரலில் சிரிப்பே இல்லை.

"அம்மா... இன்னும் முழுகாமத்தான் இருக்கா."