கொம்பில் இருந்த என் கையெழுத்து

நாற்பத்தைந்து வயதில் எனக்கு யோக்கியனாகும் ஆசை வந்தது. ஆகிற ஆசைகூட இல்லை. யோக்கியன் என்று நாலு பேர் சொல்லக் கேட்கிற ஆசை. முதல் பொதுத்தேர்தல் நடந்த வருஷம் அது. கெலமங்கலம் சந்தையில் நான் மாட்டுத் தரகன். கிழட்டு மாட்டை இளங்காளை என்று தெலுங்குக்காரரிடம் தெலுங்கிலும் கன்னடக்காரரிடம் கன்னடத்திலும் புளுகி விற்றுவிடுவேன். ஏமாந்தவர் முகத்தைப் பார்ப்பதில் எனக்கு ஒரு சந்தோஷமும் உண்டு, மறைப்பானேன்.

ஓட்டுக் கேட்டு வந்தவர்களுக்கு ஊரில் கிடைத்த மரியாதையைப் பார்த்துத்தான் புத்தி மாறியது. வெள்ளைச் சட்டை தைத்தேன். நெற்றி நிறைய விபூதி. யாரையும் குறை சொல்வதில்லை, எந்த மாட்டையும் பழிப்பதில்லை. இரண்டு மாதம் சிரித்துச் சிரித்தே தாடை வலித்தது. வயிற்றெரிச்சல் வேறு, சோறு இறங்கவில்லை.

"உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணு வெச்சிகினா எப்படி செரிக்கும்?" என்று சுக்குக் கஷாயத்தை நீட்டினாள் மனைவி.

ஆனி மாதம் ஒரு சந்தை நாளில் ஜவளகிரிப் பக்கத்து விவசாயி ஒருவர் வந்திருந்தார். அவருடைய ஜோடி மாட்டில் ஒன்றைச் சிறுத்தை அடித்துவிட்டது. மழை பெய்து நிலம் ஈரமாகக் கிடக்கிறது. அந்த வாரம் உழுது ராகி விதைக்காவிட்டால் வருஷம் முழுக்க வீட்டில் களி இல்லை. வேறொரு தரகர் அவருக்கு ஒரு செவலைக் காளையைக் காட்டிப் பேசி முடித்திருந்தார். கயிறு கைமாறுகிற நேரம், அவர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்கண்ணா, மாடு எப்படி?"

விபூதியை நம்பியிருப்பார்.

"எல்லாம் நல்ல மாடுதாங்க" என்று வாயெடுத்தவன் கொம்பைப் பார்த்தேன். வயசைக் காட்டும் வளையங்களைச் சுரண்டி எண்ணெய் தடவியிருந்தது. சுரண்டிய கோடுகள் எல்லாம் மாறுபக்கம் சாய்ந்திருந்தன. அந்தச் சந்தையில் இடக்கைக்காரன் நான் ஒருவன்தான். போன வருஷம் உத்தனப்பள்ளிக்காரர் ஒருவர் தலையில் நான் கட்டிய மாடு அது. வண்டி இழுக்கும்; ஏரில் பூட்டினால் படுத்துக்கொள்ளும்.

சொன்னால் மாட்டோடு நானும் அம்பலம். சொல்லாவிட்டால் அவர் நிலம் தரிசு. கைமாறப் போன கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

"வாங்காத. ஏர்ல படுக்கிற மாடு இது, வயசும் பொய். கொம்பைச் சுரண்டுனதே நான்தான்."

தரகர் எகிறினார். "யோவ், நேத்து வரைக்கும் சாமியாராட்டம் இருந்தியே, இன்னைக்கு என்னா வந்துச்சு?"

"சாமியார்தான்யா பொய். இது நெஜம். வேணும்னா பூட்டிப் பாரு."

பக்கத்துக் கொல்லையில் ஏர் பூட்டினார்கள். இரண்டாவது உழவுச்சாலிலேயே மாடு சுகமாகப் படுத்துக்கொண்டது. என் வாழ்க்கையில் என் வார்த்தையைக் காப்பாற்றிய முதல் ஜீவன்.

சந்தையே சிரித்தது. போனால் போகிறதென்று விபூதியைத் துடைத்துவிட்டு, அவரை அழைத்துக்கொண்டு மாடு மாடாகப் போனேன். விற்பவர்கள் சொன்ன புளுகில் பாதி நானே அவர்களுக்குப் பழக்கிவிட்டது, அதனால் ஒன்றும் பலிக்கவில்லை. மத்தியானத்துக்குள் ஏருக்கு அடங்கிய நல்ல மாடாக ஒன்று அமைந்தது. அதையும் பூட்டிப் பார்த்த பிறகுதான் விட்டேன். அன்று மூன்று உருண்டை களி தின்றேன், எரிச்சலைக் காணோம்.

பெரிய மனுஷன் பட்டம் அன்றோடு போயிற்று. நான் திருந்திவிட்டேன் என்றும் சொல்லமாட்டேன். ஆனால் என் கள்ளப் புத்தியை ஒளிக்காமல் ஒருவருக்கு உபயோகமாக்கினேன் என்று நினைத்தால் இன்றும் நெஞ்சு கொஞ்சம் நிமிர்கிறது. அது ரொம்பவும் நிமிராமல் பார்த்துக்கொள்வது, மாட்டை ஓட்டிக்கொண்டு கிளம்பும்போது அந்த விவசாயி சொன்ன வார்த்தை.

"உன்னை நான் நம்பமாட்டேண்ணா. ஆனா அடுத்த மாட்டுக்கும் உன்னைத்தான் கூட்டிகினு வருவேன்."